செல்வியின் தாலியில் தொங்கிய மூன்று ஊக்குகள்

ஆவணி 14, வெள்ளி

கள்ளக்குறிச்சியில் தோல் டாக்டரம்மா, செல்வியின் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த மூன்று ஊக்குகளையும் கழற்றி மேஜைமேல் வைக்கச் சொன்னார். ஐந்து வருடமாக என் மனைவியின் நெஞ்சில் ஆறாமல் கசிந்துகொண்டிருக்கும் புண்ணுக்கு அவைதாம் காரணமாம்.

"இதுல இருக்கற நிக்கல் இவங்க தோலுக்கு ஒத்துக்கல. யாருக்கும் தொத்தாது," என்றார்.

செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் கச்சிராயபாளையம் வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

தொத்திவிடும் என்று அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய் ஒதுக்கியவன் நான். பிள்ளைகளை அவள் மடியில் படுக்க விட்டதில்லை. ஆனால் கரும்புத் தோட்டத்தில் காலில் முள் தைத்தால் அவளிடம்தான் கை நீட்டுவேன். நெஞ்சிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றித் தருவாள். முள்ளை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவள் தட்டைத் தொடப் பயந்தவனுக்கு அந்த ஊக்கைத் தொட ஒருநாளும் பயம் வந்ததில்லை. அப்படியென்றால் நான் பயந்தது எதற்கு?

சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அதே ஓரம் நசுங்கிய தட்டை எடுத்தாள்.

"இனிமே அது இன்னாத்துக்கு? வேற எடு," என்றேன்.

"இருக்கட்டுங்க. கை அதுக்குத்தான் போவுது," என்றாள்.

திருப்பிக் கொண்டுவந்த மூன்று ஊக்குகளும் வீட்டு ஜன்னல் ஓரத்தில் கிடக்கின்றன. சாயங்காலம் வரப்பில் தைத்த முள் இன்னும் என் குதிகாலில்தான் இருக்கிறது. அந்த ஊக்குகளில் ஒன்றை எடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.