பொந்தியான் கடல்மேல் மூன்று விளக்குகள்

பொந்தியான், ஜொகூர்.

அன்பு மகள் நாஸியாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் உன் தம்பி அஹ்னாஃபும் இங்கே சுகமாக இருக்கிறோம், டப்ளின் குளிரிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் உன் உடம்பு கெடாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். உம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையை ஒளித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன் என்கிறாள், நீ போனில் ஒரு அதட்டுப் போடு. அஹ்னாஃப் இன்னும் மோட்டார் சைக்கிளில்தான் சிங்கப்பூர் வேலைக்குப் போய்வருகிறான், மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தால் அழகு கெடுகிறதாம். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் சொல்ல வந்தது வேறு, அதை உன் உம்மா பக்கத்தில் இருந்தால் பாதியிலேயே பிடுங்கித் தப்பும் தவறுமாக அவளே சொல்லி முடிப்பாள். அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வயதானதால் என்று நினைக்காதே, பரபரப்பு இன்னும் அடங்கவில்லை.

நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மாலை நம் ஆட்கள் வழக்கம்போலப் பிறை பார்க்கப் படகுத்துறைக்குப் போனோம். அரசாங்கம் தொலைநோக்கியில் பார்த்து டிவியில் அறிவிக்கத்தான் போகிறது, ஆனாலும் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் கொண்டுபோய்க் கடலோரத்தில் நோன்பு திறந்து சொந்தக் கண்ணால் தேடாவிட்டால் நம்மவர்களுக்குப் பெருநாள் பிறக்காது. மேற்கே ஒரே மேகம், பிறையைக் காணோம். அங்கேயே பாய் விரித்து மஃரிப் தொழுதோம். தொழ நிற்கும் கிப்லாத் திசை அந்தக் கடல் பக்கம்தானே. உன் பெரிய வாப்பா, என் கூடப்பிறந்த மூத்த காக்கா சுப்ஹான்தான் தொழவைக்கும் இமாமாக முன்னால் நின்றார், பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் அல்லவா, எங்கே போனாலும் முன்னால்தான் நிற்பார். நான் கடைசி வரிசை. நீ டாக்டருக்குப் படிக்கப் புறப்பட்ட வருஷம் கல்யாண வீட்டில் எல்லோர் முன்னாலும், "பொம்பளப் புள்ளயத் தனியா கடல் தாண்டி அனுப்புறவனெல்லாம் ஒரு வாப்பாவா" என்று என்னைக் கேட்டாரே, அன்றோடு அவரிடம் என் பேச்சு நின்றது, உன்னையும் பேச விட்டதில்லை. அவர் பின்னால் தொழுவேன், முடிந்ததும் வேறு வழியாக வீட்டுக்கு வந்துவிடுவேன்.

இரண்டாம் ரக்அத்தில் என் கண் நிமிர்ந்துவிட்டது. தொழுகையில் பார்வை நெற்றி வைக்கும் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று உன் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், ஆனாலும் நிமிர்ந்துவிட்டது. கடலுக்கும் மேகத்துக்கும் நடுவே மூன்று விளக்குகள், இளமஞ்சள் நிறம், ஒரே வரிசை, அசைவே இல்லை. குனிந்து நிமிர்ந்தேன், அப்படியே இருந்தன. நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா முடிந்து எழுந்தபோது இடப்பக்கத்து விளக்கு நேராக மேலே ஏறியது, சத்தமில்லை, அடுத்து நடுவில் இருந்தது, அடுத்து கடைசி. மூன்றும் மேகத்துக்குள் போய்விட்டன. சலாம் கொடுத்து எல்லோரும் தலை தூக்கியபோது கடல் வெறுமையாகக் கிடந்தது.

அன்றே ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் திசை, உயரம், நிறம் எல்லாம் ஒழுங்காக எழுதிப் போட்டேன். வந்தது பார் சண்டை. நங்கூரம் போட்ட கப்பல் என்றார்கள், பிறந்த நாளிலிருந்து கப்பல் விளக்கைப் பார்க்கிறேன், எந்தக் கப்பல் வானத்தில் ஏறியது? ட்ரோன் என்றான் அஹ்னாஃப். கணவாய் மீன் பிடிக்கும் படகு என்றார் ஒருவர், கடல் பேய் என்றார் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக்சிக். என்னைத் தாண்டித் தலைமையாசிரியர் ஆனாரே லோகேஸ்வரன், அவர் வந்து அது கானல் காட்சி என்று விளக்கம் எழுதினார். சரித்திரம் படித்தவர், முப்பது வருஷம் ஆறாம் படிவத்துக்குப் பௌதிகம் நடத்திய எனக்கு ஒளிவிலகல் சொல்லித் தருகிறார்! இந்த ஊரில் எனக்குக் கிடைத்த மரியாதை எப்போதும் இவ்வளவுதான்.

பெருநாள் விருந்தன்று பள்ளிவாசல் மண்டபத்தில் கேலி உச்சிக்குப் போனது. போன் கடை சாஜித் என் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சார், நாங்கல்லாம் அல்லாஹ்வ நெனச்சு நின்னோம்லா, நீங்க மட்டும் யூஎஃப்ஓவ நெனச்சு நின்னீங்களா? அப்ப அந்தத் தொழுகைய திருப்பித் தொழுதாச்சா?" என்றான். மண்டபமே சிரித்தது. சோற்றைக் கையில் பிசைந்தபடி எழுந்து போய்விடலாம் என்றிருந்தேன். பிரியாணிச் சட்டியருகே பரிமாறிக்கொண்டிருந்த காக்கா கரண்டியை வைத்தார். "சிரிக்காதீங்க. நானும் பாத்தேன்" என்றார். இமாமாக நின்றுகொண்டா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். "ஆமா, நின்னுக்கிட்டுத்தான். கண்ணு போயிருச்சு. அத அல்லாஹ்கிட்ட நான் பேசிக்கிறேன். என் தம்பிக்குக் கோவம் வரும், பொய் வராது" என்றார். யோசித்துப் பார், நாஸியா. அத்தனை பேரும் அவர் பின்னால் நின்று தொழுதவர்கள். அந்தப் பதவியை அவர் எவ்வளவு கட்டிப் பிடித்திருப்பவர் என்று எனக்குத் தெரியும். உடனே, "ஆனா மூணு இல்ல, நாலு" என்றார். என்னை அறியாமல், "மூணுதான் காக்கா, சரியாப் பாருங்க" என்று கத்திவிட்டேன். உன் உம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாளாம்.

இப்போது தினமும் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அவர் காரில் வந்து ஹாரன் அடிக்கிறார், படகுத்துறையில் போய் நின்றுகொண்டு சண்டை போடுகிறோம். நான்காவது பாய்மரத்துக்குப் பின்னால் இருந்தது என்கிறார், அங்கே பாய்மரமே இல்லை. விளக்கு இன்னும் ஒரு தடவையும் வரவில்லை. அது என்ன என்று எனக்கும் தெரியவில்லை, தெரியாது என்று இத்தனை சந்தோஷமாக நான் சொன்னதே இல்லை.

அன்று கல்யாண வீட்டில் அவர் கேட்டதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் நேற்று காரை விட்டு இறங்கும்போது, "புள்ள நம்பரு இருந்தா குடு" என்றார். கொடுத்திருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், உன் கையால் நோயாளிகளுக்கு நோய் தீரும் ஷிஃபாவும் தருவானாக. கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, தெரியாத மலேசிய நம்பரில் அழைப்பு வந்தால் எடு. பெரியவர், முதல் வார்த்தைக்குத் தடுமாறுவார், சலாமை நீயே முந்திச் சொல்லிவிடு.

உன் வாப்பா,
யூனுஸ்