நீளனும் குண்டனும் நான்காவது புரதமும்

பிப்ரவரி 6

இருபத்துமூன்றாம் நாள். என் கூண்டில் இருபத்துநான்கு நெற்செடிகளும் பச்சை. பக்கத்துக் கூண்டில் எதையும் எடுக்காத முழு வைரஸை வாங்கிய இருபத்துநான்கும் மஞ்சளாகி, குட்டையாகி நிற்கின்றன. நான் சொன்னேனா இல்லையா? இந்த வைரஸிடம் மொத்தமே நான்கு மரபணுக்கள். நான்காவது மரபணு உண்டாக்கும் சின்னப் புரதம்தான் செடியின் எதிர்ப்பை வாயடைக்கிறது, அதை எடுத்துவிட்டால் வைரஸ் பல் பிடுங்கின பாம்பு என்று மூன்று வருடமாகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறேன். எடுத்தேன். செடி பச்சை.

ஆய்வகத் தலைவர் மேடம் கூண்டை இரண்டு முறை சுற்றி வந்தார். "இருபதாம் தேதி மாநாட்டுல இதத்தான் பேசப்போறேன். நிரந்தர வேலைக்கு நேர்காணல் வருதே, நீயும் இதையே பேசு" என்றார். அந்த இடம் எனக்குத்தான். எழுதி வைத்துக்கொள்ளலாம். எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 8

வீட்டில் ஒத்திகை. கேட்டது என் கணவர், கணக்கு வாத்தியார். அவருக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும்.

நெல்லுக்கு இந்த நோயைக் கொண்டுவருவது இரண்டு வைரஸ்கள். நீளன்தான் மஞ்சளாக்குகிறவன், என்னுடைய நான்கு மரபணு ஆள். ஆனால் தனியாகத் தத்துப்பூச்சியின் வாயில் தொற்றிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகத் தெரியாது. குண்டன் இருக்கும் செடியில் பூச்சி முதலில் சாறு குடித்திருந்தால்தான் பிறகு நீளனைச் சுமக்கும். குண்டனோ பரம சாது. அவன் மட்டும் இருந்தால் செடி பச்சையாக ஜம்மென்று நிற்கும்.

"தனித்தனியா வந்தா தங்கம். சேர்ந்து வந்தா வீட்டையே ரெண்டு பண்ணிடுவாங்க. எங்க பெரியப்பா பசங்களேதான்" என்றார். புரிந்துவிட்டது.

பிப்ரவரி 11

"பச்சையா இருக்கு, சரி. உள்ள வைரஸ் எவ்வளவு இருக்குன்னு அளந்தியா?" மேடம் கேட்டார். நாளைக்கு அளக்கிறேன். நீளன் கொஞ்சம், குண்டன் நிறைய. வேறென்ன வந்துவிடப் போகிறது.

பிப்ரவரி 12

நீளன் இல்லை. குண்டனும் இல்லை.

குண்டன் எப்படி இல்லாமல் போவான்? அவனை நான் தொடவே இல்லையே. மறுபடியும் சோதித்தேன். துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 13

ஜனவரியில் என் கூண்டுக்கு வைத்திருந்த குண்டன் செடி வாடிவிட்டது. கண்ணாடி வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் அன்றைக்கு விடுப்பு. நானே தட்டிலிருந்து வேறு தொட்டியை எடுத்துப் பூச்சிகளை அதன்மேல் விட்டேன். எந்தத் தொட்டி என்று இன்று அவரிடம் கேட்டேன்.

"மஞ்சளா இருந்துச்சே, ஓரத்துத் தொட்டி. அதத்தான் காணோம். உரத்தண்ணி எட்டாம மஞ்சளாயிடுச்சு டாக்டரம்மா. அதுல நான் குண்டன ஏத்தவே இல்ல."

"நோய் பிடிச்ச செடின்னு நெனச்சேன் அண்ணா."

"குண்டன் செடி பச்சையாதான் இருக்கும், ஏமாந்துடாதீங்கன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?"

நான்தான். பலகையில் படம் வேறு போட்டுச் சொன்னேன். மஞ்சளையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண், கை நேரே மஞ்சளுக்குப் போயிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 14

புரதத்தைப் பற்றி நான் சொன்னது எப்படியும் சரியாகத்தான் இருக்கும். ஒரு தொட்டி மாறியதை எதற்குச் சொல்ல வேண்டும்? அண்ணன் யாரிடமும் மூச்சு விடமாட்டார் —

எழுதும்போதே கை கூசுகிறது. பூச்சிகள் எதையும் சுமக்கவில்லை. இத்தனை நாள் நான் பெருமையாகக் காட்டியது நோயே தொடாத இருபத்துநான்கு நெற்செடிகளை.

மதியம் மேடத்திடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "மாநாட்டுக்கு ஆறு நாள்தான் இருக்கு" என்றார். பிறகு, "நான் வேற ஏதாவது பேசிக்கறேன். நீ முதல்லேர்ந்து ஆரம்பி."

பிப்ரவரி 24

நேர்காணல். நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 1

பூச்சிகள் இறங்கின. இந்த முறை குண்டன் இருக்கிறானா என்று சோதித்துவிட்டுத்தான் செடியைத் தொட்டேன். இப்போது பாருங்கள் வேடிக்கையை.

மார்ச் 15

மஞ்சள். என் கூண்டுல. இருபத்துநாலும்.

புரதம் இல்லாமலே நோய் வந்துடுச்சு. அப்ப மூணு வருஷமா நான் என்னத்தக் கத்தினேன்? ஐயோ. சாப்பாடு இறங்கவில்லை. இவர் தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மார்ச் 17

அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு வருட நீட்டிப்பு. அழுதேன். எழுதி வைக்கிறேன், பொய் எதற்கு.

ஏப்ரல் 2

செடிகளைத் தூக்கிப்போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை காட்டிவிடலாம் என்று அண்ணன் கூப்பிட்டார். "புது இலை விடுது, வந்து பாருங்க."

பச்சை! அடி இலைகள் எல்லாம் மஞ்சள், நடுவிலிருந்து வருவது பச்சை. முழு வைரஸ் வாங்கிய பக்கத்துக் கூண்டில் புது இலையும் மஞ்சளாகவே வருகிறது. ஓடிப்போய் அளந்தேன். குண்டன் இருக்கிறான், நீளனும் இருக்கிறான். புது இலையில் மட்டும் நீளன் ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்தப் புரதம் இல்லாமலும் நோய் வரும். ஆனால் அது இருந்தால் செடியால் மீள முடிவதில்லை. இதை நான் மூன்று வருடத்தில் ஒருநாள்கூட யோசிக்கவில்லை. எனக்கு மூளை இருக்கிறது என்று யார் சொன்னது? இருக்கிறது. கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது.

ஏப்ரல் 19

இருபத்தொரு செடிகள் மீண்டன. மூன்று மஞ்சளாகவே செத்தன. கட்டுரையை முடித்து மேடத்திடம் கொடுத்தேன்.

கடைசிப் பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. 'மூன்று செடிகள் ஏன் மீளவில்லை என்று எங்களுக்குத் தெரியவில்லை.'

"இது நீ எழுதினதா?"

"ஆமா மேடம்."

இன்னொரு தடவை படித்தார். அனுப்பச் சொல்லிவிட்டார்.