எல்லை தாண்டாத சாமி

வெள்ளிக்கிழமை, இரவு.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் இரண்டு முறை என்மேல் சாமி வந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னைக் குறி சொல்ல உட்கார வைக்கப் பெரியப்பா பார்த்தார். அதனால் அம்மா என்னை வேங்கிக்காலுக்குக் கூட்டி வந்துவிட்டாள். "அது எல்லைச்சாமிடீ, ஊர் எல்லையத் தாண்டாது" என்றாள்.

ஆசிரமத்துப் பக்கம் அம்மா சமைக்கிற வீட்டில் இஸ்ரேல் அக்கா ஒருத்தி இருக்கிறாள். இன்று தன் சனங்களின் பழைய கதை ஒன்றைச் சொன்னாள். எதிரிகள் அவர்களை வேறு தேசத்துக்கு ஓட்டிப் போனார்களாம். சாமி கோயிலிலேயே தங்கிவிட்டது என்று அழுதார்களாம். அங்கே ஆற்றங்கரையில் ஒரு தீர்க்கதரிசிக்குச் சாமியின் சிம்மாசனம் தெரிந்ததாம். அதற்குச் சக்கரங்கள் இருந்தனவாம். அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். நான் படுக்கும்போது பயந்துகொண்டே அம்மாவிடம் கேட்டேன்.

"நம்ம சாமியும் அப்டி வந்துடுமாம்மா?"

"அது பஸ்லலாம் ஏறாது. படுடீ."

சிரித்தாள். ஆனால் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். இப்போது தூங்குகிறாள்.

சாமி வருவதற்கு முன் எனக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும். இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் ஐந்து வந்துவிட்டது. தூக்கமாகத்தான் இருக்கும். அம்மாவை எழுப்பலாம். ஆனால் வாயைத் திறந்தால் யார் குரல் வருமோ