வலது பக்கம் ஒன்பது மீட்டர்

நாள் 212, காலை 06:10
பன்னிரண்டாம் நிலக்கரிப் படுகை, கேட்பு அறை. எழுதுவது இசக்கியம்மாள், நில அதிர்வுப் பிரிவு. இதை யார் எடுத்துப் படித்தாலும் சரி.
சுவரில் தட்டினால் அதிர்வலை கரிக்குள்ளேயே ஓடும். தண்ணீரிலோ காலி இடத்திலோ முட்டினால் திரும்பி வரும். வந்து சேரும் நேரத்தை வைத்துத் தூரம் போடுகிறோம். இந்தக் கோளில் ஒரு காலத்தில் காடு இருந்திருக்கிறது. அதைத்தான் எரித்துக் குளிர் காய்கிறோம். எனக்கு மாற்றாள் வரவேண்டிய நாள் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. முதுகு விட்டுப்போகிறது.

11:35
கூரை சரிந்துவிட்டது. வெட்டுகாரன் சூசையும் அவன் தங்கை ரோஸ்லினும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். தொலைபேசிக் கம்பியும் அவர்கள் சுவரில் நான் பதித்த உணர்கருவியும் பிழைத்தன. கணிப்பொறி நசுங்கிவிட்டது, இனிக் கணக்கு கையால்தான். குடியிருப்பிலிருந்து ஆள் வர மூன்று நாளாகும். அவர்களுக்குக் காற்று மாலை வரைதான்.

12:20
ரோஸ்லினைச் சுத்தியலால் தட்டச் சொன்னேன். அலை 0.04 நொடியில் திரும்பியது. கரியில் வேகம் நொடிக்கு ஆயிரம் மீட்டர். ஆக, நேர் எதிரே பழைய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீர் நாற்பது மீட்டரில்; அதை உடைத்தால் மூழ்கிவிடுவார்கள். வலது பக்கம் பாறை. அதற்கு அப்பால் ஏணி உள்ள காற்றுக் கிணறு. கரியில் நேராக இருபத்தைந்து மீட்டர் வெட்டினால் பாறை முடிந்துவிடும், கிணற்றுக்குத் திரும்பலாம். மெஷினை வைத்து வெட்டச் சொல்லிவிட்டேன்.
சூசை: "நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்னக்கா கவலை!"

15:50
அடிப் பாவி இசக்கி! அந்த நேரம் அலை போனதற்கும் வந்ததற்கும் சேர்த்து. பாதியாக்க வேண்டும். ஆறு வருடமாகக் கணிப்பொறியே பாதியாக்கித் தந்தது, மடச்சி நான் மறந்துவிட்டேன். தண்ணீர் இருபது மீட்டரில் இருக்கிறது. மணி அடிக்கிறேன், மெஷின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

16:04
சூசை எடுத்தான். "பத்தொம்பது முடிஞ்சுதுக்கா. சுவரு வேர்க்குது. மெஷின் சூட்டுலதானே?"
உண்மையைச் சொன்னேன். பிறகு ரோஸ்லின்: "ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா. அழாதீங்க. இப்ப எந்தப் பக்கம் வெட்டணும், அதைச் சொல்லுங்க."
அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

16:30
தண்ணீரை விட்டுப் பத்து மீட்டர் பின்வாங்கச் சொன்னேன். இனிப் பாறையைக் குடைந்துதான் கிணற்றுக்குப் போக வேண்டும். ரோஸ்லின் வலது சுவரில் தட்டினாள். பாறையில் அலையின் வேகம் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. முதல் தடவை ஒன்பது மீட்டர் வந்தது, பாதியாக்கித்தான். வேறு வேகம் வைத்து மறுபடி போட்டேன், பதினொன்று.
இருக்கிற காற்றுக்குப் பாறையில் பத்து மீட்டர்தான் வெட்டலாம்.

16:41
"வலது பக்கம், ஒன்பது மீட்டர்" என்று சொல்லிவிட்டேன். "சரிக்கா" என்றார்கள் இருவரும். மெஷின் ஓடுகிறது.
மூன்றாவது தடவை கணக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை.