வருவார் என்றேனா, வந்தார் என்றேனா

அண்ணா,

போன செவ்வாய்க்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பழைய ஃபைலைத் திறந்ததும் ஓர் ஈர வாசம் வந்தது. மழைக்காலம் முழுக்கப் பெட்டிக்குள் கிடந்த துணியின் வாசம். ஏதோ ஒரு வருடத்து வெள்ளத்தில் நனைந்து, பிறகு காய்ந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி ஒரு ஸ்கேலை இடையில் விட்டு மெல்லப் பிரித்தார். நடுப்பக்கத்தில் மராத்தியில் என் பெயர் இருந்தது. வயது பதினேழு.

எனக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. தமிழில் கடிதம் எழுதிப் பல காலம் ஆகிறது, எழுத்துகள் கோணல் மாணலாக வருகின்றன. ஆனாலும் உங்களுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை முத்து இறந்த மூன்றாம் நாள் நான் போலீஸில் கொடுத்த ஜபாப், அதாவது வாக்குமூலம், அது. அதிகாரி அதை இந்தியில் வாசித்துக் காட்டினார். “அன்று மாலை ஆறு மணிக்கு மைதானத்தின் கேட்டுக்கு வெளியே அவளுடைய அண்ணன் சைக்கிளோடு வந்து நின்றான்.” கடைசியில், இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது என்றும் எழுதியிருந்தது.

“நீங்கள் சொன்னதுதானே?” என்று கேட்டார்.

அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை. சொல்லவில்லை என்றும் ஞாபகமில்லை.

மாட்டுங்காவில் அந்த மைதானத்தை நினைத்தால் முதலில் நீங்கள்தான் வருகிறீர்கள், முத்துகூட இல்லை. தாராவியில் பை தைக்கிற காலாவில், அந்தச் சின்னப் பட்டறையில், வேலை முடித்து, கையில் ரெக்சின் வாடையோடு வந்து சுவர்மேல் உட்காருவீர்கள். முத்து நானூறு மீட்டர் ஓடுவாள். எங்கள் கோச்சிடம் ஸ்டாப்வாட்ச் இருந்தது. உங்களிடம் ஒன்றும் இல்லை. உதட்டுக்குள் எண்ணுவீர்கள். “அறுவத்திரண்டு எண்ணுததுக்குள்ள வந்துட்டா, பாத்தியா?” என்பீர்கள் என்னிடம். கோச்சின் வாட்ச் அறுபத்தைந்து காட்டும். தங்கை ஓடும்போது உங்கள் எண்கள் எப்போதும் கொஞ்சம் நிதானமாகத்தான் நகரும். நான் எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள், எனக்கு யாரும் எண்ணியதில்லை. ஒருநாள் அதைச் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கும் எண்ண ஆரம்பித்தீர்கள். நூற்றைம்பதைத் தாண்டியதும் குழம்பிப்போய்ச் சிரிப்பீர்கள்.

முத்துவுக்குப் புனேயில் மூன்று மாதப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. நீங்கள் வேண்டாம் என்றீர்கள். பத்தொன்பது வயதுப் பெண் தனியாக எப்படி இருப்பாள் என்று பயம். அவள் போவேன் என்றாள். “போனேன்னா காலை ஒடிச்சுப் போடுவேன்” என்று நீங்கள் கத்தியதைத் தெருவே கேட்டது. மறுநாள் மைதானத்தில் அவள் அதை உங்களைப் போலவே நடித்துக் காட்டினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்கடுத்த நாள் அவள் இல்லை.

அவள் நடித்துக் காட்டிய அன்று மாலை ஐந்தரைக்கே மழை கொட்ட ஆரம்பித்து, பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். என் அப்பா குடையோடு வந்தார். முத்து தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து ஸ்பைக்ஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நீயும் வா, வீட்டில் விடுகிறோம் என்று கூப்பிட்டேன். “அண்ணன் வருவாம்லா, நீ போ” என்றாள். மறுநாள் காலையில் மைதானத்துக்குப் பின்னால், நாலா என்கிற பெரிய சாக்கடை ஓரமாக, அவளைக் கண்டெடுத்தார்கள். கழுத்தை நெரித்திருந்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் அப்பா என் பக்கத்திலேயே இருந்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, நமக்கு எதுக்கு வம்பு” என்று வாசலிலேயே சொல்லியிருந்தார். இன்ஸ்பெக்டர் இந்தியில் கேட்டார். நான் அழுதுகொண்டே, ‘உஸ்கா பாயி ஆதா தா’ என்றேன். இது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அவளுடைய அண்ணன் வருவார் என்று அர்த்தம். தினமும் வருவார். தினமும் என்பதற்கு ‘ரோஜ்’ என்ற சொல்லைச் சேர்த்தேனா, அதுதான் தெரியவில்லை. சேர்த்திருந்தால் இன்ஸ்பெக்டர் அதை விட்டுவிட்டார். சேர்க்காமல் இருந்திருந்தால் நான் விட்டுவிட்டேன். எப்படியோ, மராத்தியில் அது ‘அன்று வந்தான்’ என்று ஆகிவிட்டது.

இவ்வளவு தெளிவாக இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன், அண்ணா. ஆனால் என் மனதில் ஒரு படமும் இருக்கிறது. மழை. கேட். தலையில் நீலப் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். முதுகு மட்டும் தெரிகிறது. நீங்கள் அப்படி எத்தனையோ நாள் நின்றிருக்கிறீர்கள். இது எந்த நாள்? அப்பாவின் குடைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தேனா, இல்லை, ஜபாப்பை மறுபடி மறுபடி நினைத்து நானே வரைந்துகொண்டேனா? அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவரும் இல்லை.

ஒன்பது நாள் உங்களை உள்ளே வைத்திருந்தார்கள். காலாவில் தண்ணீர் ஏறியதால் அன்று சீக்கிரமே கரண்ட் மெயினை அணைத்து எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வழியில் ஒரு கடையோரம் மழைக்கு ஒதுங்கி நின்றேன், மைதானத்துக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது என்றீர்கள். பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆதாரமில்லை என்று விட்டபோது உங்கள் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மெஷின் வேலை போயிற்று. நீங்களும் உங்கள் அம்மாவும் தாராவியை விட்டு மான்குர்த் போய்விட்டீர்கள். தெருவில் எல்லோரும் உங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஓடுவதை நிறுத்தினேன். வழக்கு எங்கோ ஓர் அலமாரிக்குள் போயிற்று.

பிறகு உங்களை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். செம்பூர் ஸ்டேஷன் பாலத்தில், என் இடுப்பில் என் மகள் இருந்தாள். நான் பார்க்காதது போலப் போய்விடத்தான் நினைத்தேன். நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்.

“தங்கச்சி, இப்பவும் ஓடுதியா?”

“இல்லண்ணா.”

“ஏம்மா விட்ட? நல்லா ஓடுவியே.”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். மன்னிச்சுக்கோங்க என்றேன். சுற்றிலும் ஜனங்கள் இடித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் குழந்தையின் காலைத் தொட்டுவிட்டுச் சொன்னீர்கள்: “நீ பாத்ததச் சொன்ன. அதுல என்ன இருக்கு.”

அந்த வாக்கியம் வருடக்கணக்காக என்னைத் தூங்கவிடவில்லை. பார்த்ததைச் சொன்னாய் என்றால், நீங்கள் அங்கே நின்றீர்களா? அல்லது, சின்னப்பெண், பார்த்ததாக நினைத்துச் சொல்லிவிட்டாள் என்று விட்டுக்கொடுத்தீர்களா? அங்கேயே கேட்டிருக்கலாம். ரயில் வந்துவிட்டது என்று ஓடிவிட்டேன். மஞ்சள் காமாலையில் நீங்கள் போனது எனக்குத் தெரியவந்தபோது பதினைந்து நாள் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்த அதிகாரி விஷயத்தைச் சொன்னார். வேறொரு வழக்கில் ஜெயிலில் இருக்கும் ஒருவன், ஒரு மழைநாளில் மைதானத்தில் தனியாக இருந்த பெண்ணைக் கொன்றதாகச் சொல்லியிருக்கிறான். பழைய ஃபைல்களைத் தேடி இதற்கு வந்திருக்கிறார்கள்.

“உங்கள் ஜபாப் நின்றால் அவன் சொல்வது பொய். ஆறு மணிக்கு அண்ணன் வந்துவிட்டான் என்றால் அவள் எப்படித் தனியாக இருந்திருப்பாள்?” என்றார். பிறகு, “அவள் ஷூவை எதில் வைத்திருந்தாள்?” என்று கேட்டார்.

“சிவப்புப் பை. அண்ணன் தைத்துக் கொடுத்தது. ஜிப் மட்டும் மஞ்சள்.”

அவர் ஃபைலில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். “அவனும் அதைத்தான் சொல்கிறான். பை கிடைக்கவே இல்லை.”

நான் அவசரமாகக் கேட்டேன். “அப்படியென்றால் அவன்தானே?”

“காணாமல் போன பொருட்கள் என்று சம்பவ இடத்தில் எழுதிய பழைய பஞ்சநாமாவிலேயே அந்தப் பை இருக்கிறது. எங்கள் ஆட்கள் யாராவது அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அது எனக்கும் தெரியாது.”

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நீங்கள் அங்கே இல்லை என்று நான் சொன்னால் போதும், உங்கள் பெயரில் இருக்கும் கறை போய்விடும். சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், முன்பின் பார்த்திராத ஒருவனை நோக்கி மறுபடியும் நான் கைகாட்டுகிறேன். அவன் கெட்டவனாகவே இருக்கட்டும். அவன்தான் செய்தான் என்று எனக்குத் தெரியுமா? உங்களுக்குச் செய்ததை இன்னொருவனுக்கும் செய்வதா? அப்போது பயம் பேச வைத்தது, இப்போது குற்ற உணர்வு பேச வைக்கிறது, அவ்வளவுதானே வித்தியாசம்?

கடைசியில் இப்படிச் சொன்னேன். “தினமும் வருவார் என்றுதான் சொல்ல வந்தேன். அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.” எழுதி முடித்ததும், எனக்கு மராத்தி வாசிக்கத் தெரியும் என்றாலும், ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மான்குர்த் போனேன். உங்கள் அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயிலில் இருக்கும் அந்த ஆளைப் பற்றியும் சொன்னேன். அவர் கீரையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

“இத்தன வருசமும் எம் மவன் ஆக்கிப்போட்ட சோத்தத்தான் தின்னேன்” என்றார். “ஒருநாளும் கேக்கல.”

“எதைம்மா?”

“ஏல, நீ அங்க போனியா, அவள ஏதும் செஞ்சியான்னு. கேட்டா இல்லம்மான்னு சொல்லியிருப்பான். நான் நம்பியிருப்பேனோ மாட்டேனோ, அதுதான் எனக்குத் தெரியல. அந்தப் பயத்துல கேக்கல. அவனும் நான் கேப்பேன் கேப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தான். சாவக் கெடக்கும்போதுகூட என் மொகத்தையே பாத்தான்.”

அந்தக் கட்டுக் கீரையை ஆய்ந்து முடித்ததும் அம்மா கேட்டார்: “காலை ஒடிப்பேன்னு அவன் சொன்னத நாந்தான் போலீஸ்ல சொன்னேன். அதையும் இப்ப மாத்தி எழுதுவாகளா?”

“மாற்ற முடியாதும்மா. அதோடு சேர்த்து வேறு ஏதும் சொல்லலாம்.”

“அப்ப என்னையக் கூட்டிட்டுப் போ.”

நேற்று அழைத்துப் போனேன். அம்மா தமிழில் சொல்ல, நான் இந்தியில் சொல்ல, அதிகாரி மராத்தியில் எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவை சொன்னேன். சத்தம் போட்ட அன்றே நீங்கள் முத்துவுக்குப் புனே போக ஒரு பெரிய பை தைக்க ஆரம்பித்தீர்களாம். பாதி தைத்த அந்தப் பை இன்னும் பரணில் கிடக்கிறதாம். அம்மா இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

“இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்டார் அதிகாரி.

“யாரு கேட்டா?” என்றார் அம்மா.

இது வழக்குக்கு உதவாது, பை தைத்தவன் கொலை செய்யமாட்டான் என்று கோர்ட் ஒத்துக்கொள்ளாது என்று அதிகாரி தன்மையாகச் சொன்னார். ஆனாலும் எழுதினார். ஜெயிலில் இருக்கும் அந்த ஆள், முன்பு தான் சொன்னது பொய் என்று இப்போது மாற்றிப் பேசுகிறானாம். என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அண்ணா, எனக்கு இன்னும் ஒன்றும் தெளியவில்லை. சில சமயம் நீங்கள் ஒரு கடையோரம் நனைந்தபடி நிற்பது தெரிகிறது, சில சமயம் கேட்டருகே அந்த முதுகு. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இனி இருக்க வேண்டும் போலிருக்கிறது. ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். உங்கள் அம்மா உங்களிடம் கேட்காமல் விட்டதை நான் கேட்டுவிடுகிறேன். முத்துவைக் கூட்டிப்போக அன்று வந்தீர்களா, அண்ணா? நீங்கள் இல்லை என்று சொன்னால் நான் நம்புகிறேன்.