ஓல்கா ஏறிய பிக்கப்

ஆல்டர் கிரீக், விஸ்கான்சின்
செப்டம்பர் 24

அன்புள்ள ஹார்லனுக்கு,

இங்கே நான் சௌக்கியம், நாய் சௌக்கியம், ஓல்கா ரொம்பவே சௌக்கியம். உன் சௌக்கியத்தைத்தான் அரைகுறையாகத் தெரிந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ "சாப்பிட்டேன்" என்றாய், பிறகு உன் சரக்குக் கப்பல் பெரிய ஏரியின் நடுவுக்குப் போய் லைன் அறுந்துவிட்டது, நான் ஒரு மணி நேரம் சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அதனால்தான் காகிதம். டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு வந்து கயிற்று வாளியில் கடிதத்தை அனுப்புமே, அது பாதியில் அறுந்துபோகாது.

ஓல்காவைப் பற்றித்தான் முதலில் கேட்பாய், எனக்குத் தெரியும். ராத்திரி பனி விழ ஆரம்பித்துவிட்டதால் இரண்டு கம்பளி போர்த்துகிறேன். அதில் ஒன்று உன்னுடையது. நேற்று டேப் வைத்து மூன்று பக்கமும் அளந்து, அளவுக்கு எடை சொல்லும் அட்டவணையில் பார்த்தேன். ஆயிரத்து நானூறு பவுண்டு காட்டுகிறது. ஹார்லன், ஆயிரத்து நானூறு! நீ ஏப்ரலில் சமையலறை ஜன்னலோரம் தயிர்க் கிண்ணத்தில் ஊன்றிய ஒற்றை விதை. நான் அன்றைக்கு அந்தக் கிண்ணத்தைக் குப்பையில் போடப் பார்த்தேன், நினைவிருக்கிறதா? இன்று அந்தப் பரங்கியைக் கட்டிப்பிடித்தால் என் கைகள் பாதி தூரம்கூடப் போகவில்லை.

சந்தோஷம் இருக்கட்டும், கவலைக்கு வருகிறேன். பரங்கி எடைப் போட்டி அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. ஓல்காவை எதில் ஏற்றிக்கொண்டு போவது?

உன் அண்ணன் ட்வைட் தினமும் சாயங்காலம் அந்த ராட்சத டீசல் வண்டியைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்திவிட்டு, நம் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வருகிறார். "இது வண்டியா? மளிகைக் கூடைக்குச் சக்கரம் வெச்சிருக்காங்க" என்கிறார். நேற்று டயரை ஒரு உதை உதைத்து, "ரொட்டியும் முட்டையும் வாங்கிட்டு வர சரியா இருக்கும்மா. முட்டை ஒரு டஜனுக்கு மேல வேணாம்" என்றார். நான் சிரிக்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

ஆனால் ஆகஸ்டில் நீ கிளம்பும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. இது ஓல்காவைத் தாங்கினால் வைத்துக்கொள்ளலாம், தாங்காவிட்டால் கொடுத்துவிட்டு ட்வைட்டினுடையதைப் போல ஒன்று வாங்கலாம் என்றாய். எனக்கு இந்த வண்டிதான் வேண்டும், ஹார்லன். மெத்தையில் உட்கார்ந்து போவது போலிருக்கும் இதில்.

ட்வைட்டின் வண்டியில் ஏற்றவே மாட்டேன். ஐந்து ஓல்காக்களைத் தாங்கும் வண்டிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் ஸ்பிரிங்குகள் ஐந்து ஓல்காக்களுக்காகச் செய்தவை. ஒன்றை மட்டும் ஏற்றினால் கல்லில் உட்கார வைத்தது போலத்தான். இரண்டு வருடத்துக்கு முன் ரயில்வே கிராசிங்கில் அது போட்ட ஒரே ஒரு குலுக்கலில் நம் பரங்கி நெடுக வெடித்ததை மறக்க முடியுமா? வெடித்த காயை எடை மேடைக்குப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில் நாம் இழந்தது அது ஒன்றை மட்டுமல்ல. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

டிரெய்லரில் வைத்து இழுக்கலாமே என்றும் ட்வைட் சொல்கிறார். நம் வண்டி அதை அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும், உன் படகையே இழுக்கிறதே. ஆனால் டிரெய்லர் வண்டியை விட அதிகமாகத் துள்ளும். முதுகில் சுமந்தால் மெத்தென்று போகும், ஆனால் சுமக்குமா என்பது சந்தேகம். எனக்குத் தலை சுற்றுகிறது.

தலை சுற்றுவது இதனால் மட்டும்தானா என்று தெரியவில்லை. ட்வைட்டின் டீசல் புகை முன்பெல்லாம் என்னை ஒன்றும் செய்யாது. இப்போது அவர் வண்டி திருப்பத்தில் வரும்போதே எனக்குக் குமட்டுகிறது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறேன். கவலைப்படாதே.

எந்தத் துறைமுகத்திலிருந்தாவது இரண்டு வரி எழுது.

அன்புடன்,
பிரிட்டா

*

ஆல்டர் கிரீக்
அக்டோபர் 14

என் அருமை ஹார்லனுக்கு,

வெடிக்கவில்லை! ஒரு கீறல்கூட இல்லை! இதை முதலில் எழுதாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. அங்கே உனக்கு வேறொன்று வைத்திருக்கிறேன். ஒழுங்காக வரிசையாகப் படி.

உன் ஒரு வரிக் கடிதம் வந்தது. "கதவைத் திறந்து சீட்டைப் பார்" என்று மட்டும் எழுதியிருந்தாய். நாலு வார்த்தைக்கு மேல் எழுதினால் கேப்டன் சம்பளத்தைப் பிடிக்கிறாரா? சரி, ஓட்டுநர் கதவைத் திறந்து உள்விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ஆட்களும் சுமையும் சேர்ந்து ஆயிரத்து அறுநூற்றைம்பது பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்றிருந்தது. விளம்பரத்தில் மலையையே இழுத்துக் காட்டுகிற வண்டி, கதவோரத்தில் மட்டும் உண்மையைப் பேசுகிறது.

வெள்ளிக்கிழமை ட்வைட்டும் உன் அண்ணி ஜோலீனும் வந்தார்கள். ட்வைட் காகிதத்தில் கூட்டிப் பார்த்தார். ஓல்கா, அவளுக்கு அடியில் பலகை, ஸ்பஞ்சு, ஓட்டுகிற ஆள். தான்தான் ஓட்டப்போவதாக அவருக்கு நினைப்பு. தன் எடையைக் கூட்டினார், முகம் சுருங்கிவிட்டது. ஜோலீன், "காலைல அந்த ஆறு பன்னிக்கறித் துண்டத்தையும் சேத்துட்டீங்களா?" என்றாள். பிறகு ஜோலீன் தன் எடையைச் சொன்னாள். அதை நாங்கள் யாரும் நம்பவில்லை, ஆனால் ட்வைட் உயிரோடு இருக்க விரும்புகிறவர், வாயைத் திறக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார்கள். இருப்பவர்களில் இளைத்தவள் நான். ஆக, ஓட்டுநர் நான்.

அதுவும் போதவில்லை, ஏனென்றால் வண்டிக்குள் நீ இருந்தாய். நீ என்றால் உன் சாமான்கள். ஹார்லன், பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நங்கூரம் எடுத்தேன். நங்கூரம்! ஐஸைத் துளைக்கும் துரப்பணம், பாதி உப்பு மூட்டை, போன குளிர்காலத்து மணல் பைகள், ஈயக் குண்டுகள் ஒரு டப்பா, ஜோடியில்லாத மூன்று பூட்ஸ். எல்லாவற்றையும் கொட்டகையில் குவித்திருக்கிறேன். நீ வந்து பார்த்து வெட்கப்பட வேண்டும். டாங்கில் பெட்ரோலைக்கூடக் கால்வாசிதான் விட்டு வைத்தோம்.

சனிக்கிழமை காலையில் மூன்று கால் சட்டம் நிறுத்தி, கப்பி மாட்டி, வாரால் கட்டி, ஓல்காவைத் தூக்கி வண்டியில் இறக்கினோம். வண்டி பின்பக்கம் கீழே போயிற்று. இன்னும் போயிற்று. வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். நாங்கள் மூன்று பேரும் கையைத் தட்டினோம். வண்டி தாழத் தாழ, ஓல்கா அட்டவணை சொன்னதை விடக் கனம் என்று அர்த்தமில்லையா? நம்மைப் போன்ற பைத்தியங்கள்தான் வண்டி அழுந்துவதைப் பார்த்துக் குதிப்போம். குதித்து முடித்த பிறகுதான் கதவோரச் சீட்டு எனக்கு நினைவுக்கு வந்தது. அதிகக் கனமாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

கூட்டுறவுக் களஞ்சியத்தில் சோள லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஏற்றினேன். எண்ணைப் பார்க்கும் ஜன்னலில் வெர்னா உட்கார்ந்திருந்தாள். போட்டிக்கு முன்னால் எடை தெரிந்துவிட்டால் எல்லாம் சப்பென்று போய்விடும். அதனால், "எண்ணைச் சொல்லாதே வெர்னா, போகலாமா கூடாதான்னு மட்டும் சொல்லு" என்று கத்தினேன். அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள், வண்டி எவ்வளவு தாங்கும் என்று நான் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டாள். நான் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தலையை வெளியே நீட்டி, "இன்னும் ஒரு கொழுத்த வாத்து ஏறலாம். ரெண்டாவது வாத்து ஏறக் கூடாது. கிளம்பு, கிளம்பு" என்றாள்.

சாலையில் சைக்கிள்காரர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார். இறக்கத்தில் முதல் கியரில் போட்டேன், பிரேக்கை முட்டை மேல் கால் வைப்பது போலத் தொட்டேன். சுமை இருக்கும்போது இந்த வண்டி கிளம்பிவிடும், நிற்கத்தான் யோசிக்கும். முன்னால் ட்வைட் விளக்கை மினுக்கிக்கொண்டே போனார். பின்னால் எத்தனை கார்கள் சேர்ந்தன என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

இப்போது ரயில்வே கிராசிங். ஹார்லன், இதை நிதானமாக எழுத வேண்டும்.

கிராசிங்குக்கு முன்னால் ட்வைட் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார். ஏதோ பழுது என்று நினைத்தேன். அவர் பின்பக்கம் போய், தன் குதிரை லாயத்துத் தரையில் கிடக்கும் கனமான ரப்பர் பாய்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். ராத்திரியே கழுவி ஏற்றி வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், நடுவில், அந்தப் பக்கம் என்று இரண்டடுக்காக விரித்து, முட்டி போட்டு, மடிப்பு இல்லாமல் கையால் நீவிவிட்டார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். "என்னய்யா அவசரம்? உன் வீட்டுப் பொண்ணு போறப்ப இப்படித்தான் ஹாரன் அடிப்பியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் வயலில் இருந்த காக்கைகள் பறந்தன. ஹாரன் நின்றது. பிறகு என்னைப் பார்த்து, வா வா என்று இரண்டு கையாலும் அழைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

நான் ஏறினேன். இறங்கினேன். ஒன்றுமே தெரியவில்லை. தொட்டிலை நகர்த்தியது போல இருந்தது. அந்தப் பக்கம் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே ஓட்டினேன். இரண்டு வருடமாக உன் அண்ணன் அந்தக் கிராசிங்கைத் தாண்டும்போதெல்லாம் என்ன நினைத்துக்கொண்டிருந்தாரோ, நாம் கேட்டதில்லை. நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது. பாயைப் பற்றி ஒன்றும் எழுதாதே, சும்மா எழுது.

போட்டித் திடலில் ஓல்காவைத் தூக்கியதும் நடுவர் வருவதற்கு முன்பே ட்வைட் மண்ணில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "சுத்தமா இருக்கா! ஒரு கோடு இல்ல!" என்று படுத்தபடியே கத்தினார். எடை ஆயிரத்து நானூற்று முப்பத்தெட்டு. இரண்டாம் பரிசு! முதல் பரிசு வாங்கிய பல் டாக்டரின் காய் இன்னும் பெரிதுதான், ஆனால் ஒரு பக்கம் சரிந்து, விடிய விடியக் குடித்தவன் மாதிரி இருந்தது. ஓல்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளோடுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

கிளம்பும்போது ட்வைட் நம் பிக்கப்பின் கூரையைத் தட்டி, "பரவால்லம்மா, முட்டை ரெண்டு டஜன் வாங்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அது எவ்வளவு பெரிய சான்றிதழ் என்று உனக்கே தெரியும்.

எல்லாருக்கும் பீர் வாங்கினார். நான் வேண்டாம் என்றேன். நம் ஊரில், பரிசு வாங்கிய நாளில், பீர் வேண்டாம் என்கிற ஆளை யார் பார்த்திருக்கிறார்கள்? ஜோலீன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போய் ஒரு கோப்பை சூடான ஆப்பிள் சாறு கொண்டுவந்து என் கையில் வைத்து, என் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள்.

ஆமாம், ஹார்லன். ஓட்டுநர் ஒருத்தி என்று எல்லாரும் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பு. வெர்னா சொன்ன அந்த வாத்துக்கான இடத்தில் ஒரு எலுமிச்சம்பழ அளவு ஆள் இருந்தது. இதயம் துடிக்கும் சத்தத்தை நான் கேட்டேன். போன தரம் போல இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் இரண்டு தரம் சொன்னார், மூன்றாவது தரமும் சொல்லச் சொன்னேன், சொன்னார். போனில் சொல்லி, பாதியில் அறுந்து, நீ ஏரி நடுவில் தவிக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை எழுதும்போதே நாயை இரண்டு முறை கட்டிப்பிடித்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசி என்கிறார்கள். நீ தயிர்க் கிண்ணத்தில் விதை ஊன்றுகிற அதே வாரம். இந்த வருடம் போல ஆகஸ்டு வரை வீட்டில் இருக்க முடியாது, வரும் வருடம் உன் கப்பல் மார்ச்சிலேயே கிளம்பிவிடும் என்று எனக்குத் தெரியும். உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர அந்தக் கிராசிங்கைத் தாண்ட வேண்டும். மெத்தென்ற வண்டி தயாராக இருக்கிறது, நங்கூரத்தை எடுத்தாயிற்று. பாய் விரிக்க உன் அண்ணன் இருக்கிறார், நான் கேட்கக்கூட வேண்டியதில்லை.

மெதுவாக ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

உன் வரவை எதிர்பார்க்கும்,
பிரிட்டாவும்
கணக்கில் விட்டுப்போன பயணியும்