வேலைச் சட்டையோடு ஒரு படம்

செவ்வாய் இரவு, டண்டினொங்

தக்காளிப் பண்ணை வேலைக்குப் போகும் வழியில், இன்று காலை மலைமேல் ஒரு சின்ன ஊரில் தேத்தண்ணி குடிக்க இறங்கினோம். இங்கிலாந்தைப் பெயர்த்து வந்து நட்டது போன்ற ஊர். கல்லுத் தேவாலயம், ரோசாச் செடிகள், வெள்ளை வேலிகள். வெள்ளையர் வருமுன் இந்த நிலம் எந்த ஆதிக்குடிகளுடையது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை.

கடைக்கார வெள்ளைக்கார மனிசி எங்களிடம் காசு வாங்கவில்லை. எனக்குச் சந்தேகம் வர அதுவே போதும். பிறகு கடையின் முகநூல் பக்கத்தில் போட ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சித்தியின் மகன் கபிலன் பல்லெல்லாம் தெரிய நின்றான், நெஞ்சில் பண்ணையின் பெயர் பொறித்த மஞ்சள் சட்டையோடு. அவனுடைய விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை.

வான் வண்டிக்குள் ஏறியதும், ஏன் படத்துக்கு நின்றாய் என்று கபிலனிடம் கத்தினேன்.

"சும்மா விடடா. பாவம், அம்மா மாதிரி ஒரு மனிசி."

"உன்ர அம்மா உன்னைப் படமெடுத்து பேஸ்புக்கில போட்டுக் குடுப்பாவோ?"

"நீ ஆரைத்தான் நம்பினனீ?"



இப்போது கடையின் பக்கத்தில் படம் வந்துவிட்டது. பண்ணையின் பெயரைத் தெளிவாக வாசிக்க முடிகிறது. படத்தை நீக்கிவிடுங்கள் என்று அவளுக்கு எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் நல்லவளாகவே இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோருமா?

படத்தின் கீழே யாரோ ஒருவன் கேட்டிருக்கிறான்: "இந்தப் பையன்கள் அந்தப் பண்ணையிலா வேலை செய்கிறார்கள்?"

கபிலன் அதற்கும் ஒரு இதயம் போட்டிருக்கிறான்.